வராதவரின் இடது காது

எங்கள் ஸ்டூடியோவின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அதை ஆரம்பித்தவரின் முகம் எப்படி இருந்தது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதை நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அப்பா கேட்டது வேறு. "காலேஜ் பத்திரிகையில வாத்தியாருங்களை எல்லாம் கிழிகிழின்னு கிழிக்கிறியே, அதே கையால நம்ம ஸ்டூடியோ வரலாறை நாலு பக்கம் எழுது. கிண்டல் இருக்கக் கூடாது."

"கிண்டல் இல்லாம எழுதினா ரெண்டு பக்கம்தான்பா வரும்."

"ரெண்டே போதும்."

வரலாறு எனக்கு மனப்பாடம். கொள்ளுத்தாத்தா ஒரு கேமராவும் ஒரு சைக்கிளும் வைத்துக்கொண்டு தொழில் தொடங்கினார். ஸ்டூடியோவுக்கு வரக் கூச்சப்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார். ஐந்தாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். பத்தொன்பது வயதில் தாத்தா கடையை ஏற்றார். தாத்தாவுக்குப் பிறகு அப்பாவுக்குக் கேமரா, அப்பாவின் அக்காவான அத்தைக்குத் தூரிகை. முன்னறையில் அப்பா எடுப்பார். பின்னறையில் அத்தை பருவை அழிப்பாள், தலைமுடியைக் கூட்டுவாள், கண்ணுக்கு உயிர் கொடுப்பாள். அப்பா பின்னறைக்குள் போகமாட்டார். போனால் அத்தை ஏதாவது வேலை சொல்லிவிடுவாள்.

வாசலுக்கு மேலே கொள்ளுத்தாத்தாவின் படம். கோட்டு, கூர் மீசை, கொஞ்சம் மேலே பார்க்கிற பார்வை. அப்பா தன் மீசையை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வெட்டிக்கொள்வார். "தாடை அப்படியே கொள்ளுத்தாத்தா" என்று சொந்தக்காரர்கள் என் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளி அந்தத் தாடையை வளர்த்தார்கள். அதன் கீழே பெயர்ப்பலகை. பெயருக்கு அடியில் மூன்று தலைமுறையாக ஒரே வாசகம்: உள்ளது உள்ளபடி.

கைக்குக் கை கேமரா வந்துவிட்ட காலத்திலும் சனம் எங்கள் படியேறுவதற்கு அந்த வாசகம்தான் காரணம் என்று அப்பா நம்பினார். "நமக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பேருதான்டா. மத்ததெல்லாம் வாடகை" என்பார். விழாவுக்கு அவர் போட்ட திட்டமும் அந்தப் பெயருக்காகத்தான். எங்கள் ஸ்டூடியோவில் செய்த பழைய பெரியவர்கள் படங்களை எல்லோரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மண்டபத்தில் ஒரே சுவரில் மாட்டுவோம்; திங்கட்கிழமை திருப்பித் தருவோம். ஊரே தன் அப்பன் பாட்டன்களை வரிசையாகப் பார்க்கட்டும்.

அறுபத்து மூன்று படங்கள் வந்தன. எதிர்க்கடைத் தையல்காரர் தன் அப்பாவைச் சட்டைத்துணியில் சுற்றி, அணைத்துக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் அளவு நாடா, குடும்பம் என்று யாரும் கிடையாது. அவர் பிறப்பதற்கு நாலு மாதம் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் போய் இருபது வருஷம்.

"தம்பி, பத்திரம். எங்கப்பாவை நான் பாத்ததே இதுல மட்டும்தான்."

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

"ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிட்டுப் போறேன். மழை கிழை வந்தா..."

"உள்ளேதான்ணே இருக்கும்."

"அதுவும் தெரியும்" என்றவர், மறுபடி ஒருமுறை துணியை விலக்கிப் படத்திலிருந்த தன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போனார்.

என் வேலை, ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் எடுத்துப் புத்தகத்தில் சேர்ப்பது. பதினோராவது படத்தில் ஒரு காது என்னைப் பார்த்தது. இடது காது. மேல் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு, பிஸ்கட்டை எலி ஒரே ஒரு கடி கடித்துவிட்டு மனசு மாறிப் போனதுபோல. இதே காதை நாலாவது படத்திலும் பார்த்த ஞாபகம். எடுத்துப் பார்த்தேன். ஆமாம். ஏழாவதிலும். அது தையல்காரரின் அப்பா. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். காது அங்கேயே இருந்தது.

கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, மேலே உள்ளதைப் பாதி மங்கலாக்கினேன். மீசை வந்தது, போனது. மூக்குக்கண்ணாடி வந்தது, போனது. வழுக்கை விழுந்தது, முளைத்தது. காது அசையவே இல்லை.

அறுபத்து மூன்றில் முப்பத்தெட்டு.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. வந்திருக்க வேண்டாம். ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசலுக்கு மேலிருந்த கொள்ளுத்தாத்தாவைக் கழற்றினேன். எலி அவரையும் கடித்திருந்தது.

அத்தை பின்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒரு விஷயம்."

"சொல்லு."

"ஊர்ல முப்பத்தெட்டு பேருக்கு ஒரே காது."

அத்தை ஒரு வாய் டீயை விழுங்கினாள். "முப்பத்தெட்டுதான் வந்திருக்கா? எழுபதுக்கு மேல பண்ணோமே."

நான் உட்கார்ந்தேன். அங்கே நாற்காலி இல்லை. தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அது வராதவர்டா" என்றாள், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

இரும்புப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். உறைமேல் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து: 'மூன்று பிரதி. மிக அவசரம்.' யாரோ ஒரு இளைஞன் வந்து படம் எடுத்துக்கொண்டு, அவசரம் அவசரம் என்று அடித்துக்கொண்டு போயிருக்கிறான். வாங்க வரவே இல்லை. உள்ளே நெகட்டிவும் மூன்று படங்களும். மீசை இல்லை, கண்ணாடி இல்லை. முன்பின் தெரியாத ஒருவன். இடது காதில் வெட்டு.

கொள்ளுத்தாத்தா இறந்தபோதுதான் வீட்டில் ஒரு விஷயம் உறைத்ததாம். ஊரையே படம் எடுத்தவரை யாரும் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. படம் எடுக்கிறவன் வீட்டில் படம் இல்லை என்றால் ஊர் வாயால் சிரிக்காது. தாத்தா வெட்கம் தாங்காமல் பின்னறையில் பதினைந்து நாள் அடைந்து கிடந்தார். தாடை கொஞ்சம் ஒத்துப்போகிறது என்று இந்த நெகட்டிவை எடுத்தார். பென்சிலால் மீசை வைத்தார், நெற்றியை ஏற்றினார், கோட்டு மாட்டினார். வாசலுக்கு மேலே தொங்கவிட்டார்.

"பாத்தவங்க எல்லாம் 'அப்படியே இருக்காரு'ன்னு அழுதுட்டாங்களாம்" என்றாள் அத்தை. "அப்புறம் ஒரு விதவை வந்து, 'எங்க வீட்டுக்காரருக்கும் படமே இல்ல, ஏதாவது பண்ண முடியுமா'ன்னு கேட்டா. எங்கப்பாவுக்கு இல்லேன்னு சொல்ல வாய் வரல. 'சொல்லுங்க, வரவழைச்சிடலாம்'னுட்டாரு. நெத்தி அகலமா, புருவம் அடர்த்தியா, மீசை எப்படின்னு ஒரு பன்னெண்டு கேள்வி. வரைஞ்சு தர்றாருன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்க. அவங்க பிள்ளைங்களுக்கு அதுவும் தெரியாது."

"யாருமே இது அவர் இல்லேன்னு சொல்லலியா?"

"ஒருத்தர்கூடச் சொல்லல. மூணாம் நாள் படத்தைப் பாத்துட்டு, 'அவரேதான்'னு மாரடிச்சுக்கிட்டுத்தான் வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் தினம் அதையே பாத்துப் பாத்து, நிஜ முகம் மறந்துடும்."

"காதை ஏன் மாத்தல?"

அத்தைக்கு அது தொழிலையே குறை சொன்னதுபோல் இருந்திருக்க வேண்டும். "காதை யாருடா பாக்கறா? நீ உங்கப்பன் காதைப் பாத்திருக்கியா? எப்படி இருக்கும், சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். பின்னால், திரையில் வரைந்த மாடிப்படி எங்கேயும் போகாமல் நின்றுகொண்டிருந்தது. முப்பத்தைந்து வருஷம் அந்த அறையில் நின்ற மனிதர். அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்போ மேல இருக்கறது எங்க தாத்தா இல்லையா?"

"இல்லடா" என்றாள் அத்தை.

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"நீ கேக்கலையே. கேமராவைத் தவிர எதையாவது கேட்டிருக்கியா நீ?"

அப்பாவின் விரல் தானாக மீசைக்குப் போனது. சுட்டதுபோல் திரும்பி வந்தது. "உள்ளது உள்ளபடி" என்றார். பெயர்ப்பலகையில் இருந்தபோது இத்தனை கேவலமாக அது ஒலித்ததில்லை.

விழாவை நிறுத்த முடியாது. அழைப்பிதழ் போய்விட்டது. மாட்டாமல் திருப்பிக் கொடுத்தால், ஏன் என்று கேட்பார்கள். "ஊர் பேசினா கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்று அப்பா அதையே நாலு முறை சொன்னார். கடைசியில் அத்தை வழி சொன்னாள். முப்பத்தெட்டையும் ஒன்றாக மாட்டாமல் உண்மையான இருபத்தைந்துக்கு நடுவே தூவிவிடுவது. ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில். மீசைக்காரர் இந்தக் கோடி என்றால் மீசையில்லாதவர் அந்தக் கோடி. சனிக்கிழமை மதியம் முழுக்க அத்தை நடுவில் நின்று கையை வீசிக் கட்டளை போட, நான் ஆணி அடித்தேன். வேலை முடிந்து பார்த்தபோது குப்பையைக் கொட்டியதுபோல இருந்தது. அத்தைக்கு முழுத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நான் மண்டபத்துக்குள் நுழைந்தேன். அப்பா ஆறு மணிக்கே வந்திருக்கிறார். கையில் நூல், மட்டப்பலகை. சுவர் பளிச்சென்று இருந்தது. அத்தனை படங்களும் கண் மட்டத்தில், அளவு வாரியாக, ஒரே நேர்கோட்டில்.

"அப்பா, என்ன பண்ணீங்க?"

"கோணல்மாணலா இருந்துச்சுடா. கண்ணை உறுத்துச்சு. பெரிய சைஸ் எல்லாம் ஒரு பக்கமா..."

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தவர், பாதியில் நிறுத்தினார். ஒரே நெகட்டிவ், ஒரே அளவு, ஒரே பக்கம் திரும்பிய தலை. நூல் பிடித்து மாட்டியதில், கொள்ளுத்தாத்தாவோடு சேர்த்து முப்பத்தொன்பது இடது காதுகளும் கம்பியில் உட்கார்ந்த காக்கைகள்போல வரிசையாக நின்றன. முதல் ஆளாக மரியாதையாக மாட்டியிருந்தது அவரைத்தான்.

"கழட்டுடா" என்றார். நான் ஸ்டூலைத் தேடினேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அவரவர் அவரவர் அப்பாவை நோக்கிப் போனார்கள். "இதோ, இதோ" என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பிறகு, தன்னுடையதைப் பார்த்து முடித்தவர்கள் பக்கத்துப் படத்தைப் பார்த்தார்கள்.

பேச்சு ஓரத்திலிருந்து நிற்க ஆரம்பித்தது. மழை ஓய்வதுபோல இல்லை. மின்சாரம் போவதுபோல, வரிசை வரிசையாக.

மருந்துக்கடை அம்மா தையல்காரரின் அப்பா முன்னால் நின்றார். தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆயிரம் பிள்ளைகளை ஒரே சத்தத்தில் அடக்கியவர், இப்போது குசுகுசுத்தார். குசுகுசுத்தது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எங்கப்பா இங்க இருக்காரு. அங்கயும் இருக்காரு. என்னய்யா இது?"

அவர் சுவரோரமாக நடந்தார், விடைத்தாள் காப்பியடித்ததைக் கண்டுபிடித்த நடை. ஒவ்வொரு காதாகத் தொட்டுக்கொண்டே போய், வரிசையின் முதல் ஆளிடம் நின்றார். படத்துக்குக் கீழே நான் அச்சடித்து ஒட்டியிருந்த இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தார்.

"நிறுவனர். கூச்சப்பட்டவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் தானே சென்று..."

அதற்கு மேல் படிக்கவில்லை. படிக்கத் தேவை இருக்கவில்லை.

நாற்காலிகள் காலியாக இருந்ததால் மருந்துக்கடை அம்மா பிழைத்தார். நின்ற இடத்திலேயே விழுந்து உட்கார்ந்தார். "வீட்டுக்கு வருவாராமா?" என்றது ஒரு குரல். "வீடு வீடாவாம்" என்றது இன்னொன்று. நிறுவனர் எந்த வருஷம் செத்தார், நம் அப்பா எந்த வருஷம் பிறந்தார் என்று கூட்டிக் கழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வதந்திக்கு வயது பார்க்கிற பழக்கம் கிடையாது.

பஸ் ஓட்டுநரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு படம் கொடுத்திருந்தார்கள். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். அப்புறம் கணவனைப் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள், மெதுவாக இரண்டடி தள்ளி நின்றாள்.

"என்னடி?" என்றார் ஓட்டுநர்.

"பக்கத்துல வராதீங்க."

மண்டபத்தில் ஒரே ஒரு முகம்தான் வேறு மாதிரி இருந்தது. தையல்காரர். வாயைத் திறந்தபடி சுவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். பிறகு தலைமையாசிரியரிடம் போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ... சார், நமக்குள்ள சொந்தமா?"

தலைமையாசிரியர் கையை உருவிக்கொண்டார். தையல்காரர் அதைக் கவனிக்கவில்லை. மருந்துக்கடை அம்மாவிடம் போனார். "உங்களை அக்கான்னு கூப்பிடணுமா, தங்கச்சியா? எந்த வருஷம் பொறந்தீங்க?" அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அடுத்த ஆளிடம் போனார். கண் கலங்கியிருந்தது, பல் தெரிந்தது. "நான் ஒத்தை ஆளுன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்..."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முன்னால் இப்போது இரண்டு வழிதான். சும்மா இருந்தால் ஸ்டூடியோ பெயர் பிழைக்கும், கொள்ளுத்தாத்தா பெயர் சாகும். வாயைத் திறந்தால் கொள்ளுத்தாத்தா பிழைப்பார், ஸ்டூடியோ சாகும். அவர் கண் ஓட்டுநரையும் மனைவியையும், நடுவில் இருந்த இரண்டடியையும் பார்த்தது. நான் தேடிய ஸ்டூலை அவர் கண்டுபிடித்து ஏறினார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம். எங்க தாத்தா அப்படிப்பட்டவர் இல்ல. ரொம்ப ஒழுக்கமானவர்." தொண்டையைக் கனைத்தார். "முகம் மட்டும் எங்களுக்குத் தெரியாது."

இதைச் சமாதானம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்தச் சுவத்துல முப்பத்தொன்பது படம் ஒரே ஆளோடது. உங்க அப்பா யாரும் இல்ல. எங்க தாத்தாவும் இல்ல. யாருன்னே தெரியாது. படம் எடுத்துட்டு வாங்க வராம போன ஒருத்தர். அதை வச்சு நாங்கதான் மீசை போட்டு, முடி போட்டு... பொய் சொல்லியிருக்கோம். ரெண்டு தலைமுறையா."

"மீசை நான் போட்டது" என்றாள் அத்தை, தம்பி மட்டும் பெயர் வாங்கக் கூடாது என்பதுபோல. பழுப்பு உறையை உயர்த்திக் காட்டினாள்.

உறை கை மாறிக் கை போனது. ஓட்டுநரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று கணவன் தோளில் சாய்ந்தாள், அடுத்த நொடியே நிமிர்ந்து, "அப்போ எங்கப்பா எங்க?" என்றாள். அந்தக் கேள்விதான் எல்லோர் வாயிலும். தலைமையாசிரியர் கத்தினார். "இந்தப் படத்துக்குப் பயந்துதான்யா நான் படிச்சேன்! பொய் சொன்னா அப்பா பாத்துட்டிருக்காருன்னு பயந்தேன்! எவனோ ஒருத்தனுக்கா?" தன் படத்தை ஆணியிலிருந்து பிடுங்கினார். தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். எறியவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பிடுங்கினார்கள். ஒருவரும் எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

கடைசியில் தையல்காரர் மட்டும் நின்றார். ஸ்டூலில் இன்னும் நின்றுகொண்டிருந்த அப்பாவை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே."

"சொல்லுப்பா."

"ஒரு பத்து நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

தையல்காரர் தன் படத்தைக் கழற்றி, கொண்டுவந்த அதே சட்டைத்துணியில் மடிப்புக் கலையாமல் சுற்றினார். அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கி, துணியின் மறு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அப்பா கடைக்கு வரமாட்டேன் என்றார். சுத்தமாக மழித்த மேலுதடு, எனக்கே அடையாளம் தெரியவில்லை. "யாரு வரப்போறா?" என்றார். அத்தை அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

தெருமுனை திரும்பியதும் மூவரும் நின்றுவிட்டோம். எங்கள் கதவிலிருந்து மருந்துக்கடை வரை வரிசை. எல்லாம் அறுபது எழுபது வயது. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. அடிக்க வந்திருக்கிறார்கள் என்று அப்பா பின்வாங்கினார். வரிசையின் முதலில் நின்ற தலைமையாசிரியர் கைத்தடியால் கதவைத் தட்டினார்.

"திறய்யா. உயிரோட இருக்கும்போதே எடுத்து வச்சுட்டுப் போறேன். என் பேரன் பேத்திக்கு எவனோ ஒருத்தனைக் காட்டவா?"

எழுபத்தைந்து வருஷம் ஊர் எங்களை நம்பி வந்தது. அன்று நம்பாமல் வந்தது. இத்தனை கூட்டத்தை அந்தக் கடை பார்த்ததில்லை.

தையல்காரர் வரிசையில் இல்லை. கதவைத் திறந்ததும் கேட்காமலே உள்ளே வந்து, ஸ்டூலில் உட்காருகிறவர்களின் காலரை நிமிர்த்தி, தோள் மடிப்பைத் தட்டிவிட ஆரம்பித்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைமையாசிரியர் உட்கார்ந்தார், இடது காதைக் கேமராவுக்கு நன்றாகக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"காது தெரியணும். ஒண்ணையும் தொடக் கூடாது. அப்புறம் நான் செத்தா, அந்த ஆளைக் கொண்டுவந்து மாட்டிடப் போறீங்க!"

அவர் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த தையல்காரரின் கை நின்றது.

"ஏன் சார்," என்றார், "அவருக்கு என்ன குறைச்சல்?"